படத்துக்குத் தைத்த உறை

நான் நாத்தனார். அண்ணியைப் பற்றி நாத்தனார் சொன்னால் யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள். பாதியை நம்பினால் போதும், மீதியைக் கோபத்தில் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது கிடையாது. அவளிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவது பல்லைப் பிடுங்குகிற மாதிரி. எனக்கோ வாயை மூடினால் மூச்சு முட்டும். ஆனாலும் தேவாலயத்தில் பல வருஷம் நாங்கள் ஒன்றாகத்தான் வேலை பார்த்தோம். அவள் துணி துவைத்தாள், நான் டீ போட்டேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் தாழ்வான ஓர் அறை. உள்ளே இரண்டு சிமெண்டுத் தொட்டி, தண்ணீர் கொதிக்கவைக்க ஓர் அண்டா, தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கொடிக்கயிறு. ஆராதனை மேசையின் விரிப்பு, பாடகர் குழுவின் வெள்ளை அங்கி, கூடத்து மேசைத்துணி எல்லாம் அங்கேதான் வெளுக்கும். அண்ணி கறையைப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். இது மெழுகு, இது திராட்சை ரசம், இது மூக்கில் வந்த ரத்தம் என்பாள். ஒருமுறை பாடகர் ஒருவரின் அங்கித் தோளில் உதட்டுச்சாயம் இருந்தது. யாருடைய உதடு என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

கரிக்கறை மட்டும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. என் அண்ணன் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவன். சட்டை, தலையணை, துண்டு, கதவுப்பிடி என்று அவன் தொட்டதெல்லாம் கறுப்பு. கல்யாணமான மறுநாளிலிருந்து அவள் துவைத்தது கரியைத்தான். அதனால் துணியில் கரியைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க மாட்டாள். சலவைச் சோடாவில் ஊறவைத்து, வெளுப்புத் தூள் போட்டு, இரண்டு கசக்குக் கசக்கினால் தீர்ந்தது. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

தேவாலயத்தை ஒட்டி ஒரு பக்கக் கூடம் உண்டு. உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த இடம். ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர் ஒருத்தி பாதிரியாரிடம் அதைக் கேட்டு வாங்கி, சுவருக்கு வெள்ளையடித்து, உயரத்தில் நீளமாக ஒரு மரச்சட்டம் அடித்து, உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்களை மாட்ட ஆரம்பித்தாள். மாதத்துக்கு ஓர் ஆள். மாதம் முடிந்தால் ஒருவர் படம் இறங்கும், அடுத்தவர் படம் ஏறும். படகு படகாக வரைந்த தபால்காரர், தன் பூனையை மட்டுமே வரைந்த வங்கி மேலாளர், பூவைத் தவிர வேறெதையும் தொடாத பல் டாக்டர் என்று ஊரில் இத்தனை பேர் திருட்டுத்தனமாக வரைந்துகொண்டிருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. பல் டாக்டரின் பூக்களுக்கும் பல் முளைத்திருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அதை அவரிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதே கூடத்தில்தான், அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வருகிறவர்களுக்கு நான் டீ கொடுப்பது. ஒரு மாதம் யாரோ கல்யாணக் காட்சிகளாக வரைந்து மாட்டியிருந்தார்கள். அன்று புருஷனைப் புதைத்துவிட்டு வந்த ஒருத்தி, ஒரு கல்யாணக் கூட்டமே வாய்விட்டுச் சிரிக்கிற படத்துக்கு நேர் எதிரே உட்கார நேர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் இருந்த டீயைக் கோப்பையோடு அதன் மேல் எறிந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு, அடக்கம் உள்ள நாளில் படங்களை மூடிவைக்க வேண்டும் என்று பாதிரியார் வழக்கமாக்கிவிட்டார்.

முதலில் மேசைத்துணிகளைத்தான் போர்த்தினோம். அவை பாதியில் நழுவி விழும். துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து வந்து சரிசெய்வார்கள். அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, தலையணை உறை மாதிரி பெரிசும் சிறிசுமாகத் தைத்தாள். மேலே மாட்டி கீழே இழுத்தால் படம் முழுசும் உள்ளே போய்விடும். அடியில் இரண்டு நாடாவை முடிந்தால், இடியே விழுந்தாலும் நழுவாது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள், காது சிவந்துபோனது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்தது குட்டி பிறந்த அன்றுதான்.

குட்டி என்பது அவர்களுடைய ஒரே பெண். கல்யாணமாகி வெகுகாலம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற சமயத்தில் ரத்தத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த கோடை வரைக்கும் ஜன்னலோரக் கட்டிலில் அவள் கிடந்தாள்.

அண்ணன் அப்போதுதான் வரைய ஆரம்பித்தான். சின்ன வயசில் சுவரெல்லாம் கிறுக்கி அப்பாவிடம் உதை வாங்கியவன், நடுவில் விட்டுவிட்டான். காய்ந்த குச்சிகளை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடியை இறுக்கி, ரொட்டி அடுப்பின் ஓரத்தில் வைத்துவிடுவான். எடுக்கும்போது குச்சி அத்தனையும் நல்ல கரியாகியிருக்கும். வேலை முடிந்து காலையில் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கரியால் அவளை வரைவான்.

"பிள்ளை மூச்சுக்கு அல்லாடுறா. நீங்க படம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கக்கூடாதா?" என்று அண்ணி ஒருநாள் கேட்டாள். நான் அப்போது சமையலறையில் இருந்தேன்.

"எனக்கு இதுதான் வருது" என்றான் அண்ணன்.

குட்டி போன பிறகு அந்தப் படங்களை அவன் நடுநடுவே மெல்லிய காகிதம் வைத்துச் சுருட்டி பீரோ மேல் வைத்தான். கைப்பேசியில் படமெடுக்கிற காலம் இல்லை அது. குட்டிக்கு என்று இருந்தது வகுப்போடு சேர்த்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. அதிலும் முன்னால் நின்ற பெண்ணின் ரிப்பன் இவள் முகத்தில் பாதியை மறைத்துவிட்டது. ஆக, அந்தப் பிள்ளையின் முகம் இந்த உலகத்தில் முழுசாக இருந்தது அந்தச் சுருளுக்குள் மட்டும்தான். அண்ணன் அடிக்கடி எடுத்துப் பார்ப்பான். அண்ணி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவன் சுருளை எடுத்தால் அவள் எழுந்து போய்விடுவாள்.

"ஒரு தடவை பாரேன்" என்பான்.

"வேண்டாம்."

இப்படியே வருஷங்கள் ஓடின. நான் அண்ணன் பக்கம்தான். பெற்றவளுக்கு இப்படி ஒரு கல் நெஞ்சா என்று எனக்கு வயிறு எரியும். சாகிற பிள்ளையை வேடிக்கை பார்த்து வரைந்தான் என்ற கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் ஒரு மாதம் தனக்கு வேண்டும் என்று அண்ணனே போய் டிராயிங் டீச்சரிடம் கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் உட்காரக்கூட வெட்கப்படுகிறவன்.

"உனக்கு எதுக்குண்ணே இந்த வேலை?"

"வீட்டுல பாக்க மாட்டா. அது அவ வேலை பாக்குற இடம். அங்க எத்தனை நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டு நடப்பா?"

கெட்டிக்காரத்தனம் என்றும் தோன்றியது, கொடுமை என்றும் தோன்றியது. நான் சும்மா இருந்த வெகு சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

டீச்சர் படங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். பிறகு, இது வெறும் கரி, கை பட்டாலே போய்விடும், கண்ணாடி போட்டுவிடு, இல்லாவிட்டால் கரியை ஒட்டவைக்கிற திரவத்தையாவது மேலே தெளித்துவிடு என்றாள்.

"தெளிச்சுப் பாத்தேன் டீச்சர். முகம் கறுத்துப் போகுது. கண்ணாடி போட்டா பாக்குறவங்க முகம்தான் அதுல தெரியுது. அவ அம்மா அவளைத்தான் பாக்கணும்" என்றான் அண்ணன்.

சரி, யார் தொடப்போகிறார்கள் என்று டீச்சர் விட்டுவிட்டாள். படங்களைப் பலகையில் ஒட்டி, சுற்றி மெல்லிய சட்டம் அடித்து மாட்டினார்கள். முன்னால் ஒரு கயிறு. கயிற்றில் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை. அந்த அட்டை, படம் பார்க்க வருகிறவர்களுக்கு. உறை போடுகிறவளுக்கு அது பொருந்தும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதுவரை வந்த படங்களெல்லாம் எண்ணெய்ச் சாயம், இல்லாவிட்டால் கண்ணாடிக்குள். அவற்றுக்கு உறை என்ன செய்துவிடும்?

கண்காட்சி திறந்த அன்று கூட்டம் வந்தது. ரொட்டிக் கடைக்காரர்கள் எல்லாரும் குளித்துத் தலைசீவி வந்திருந்தார்கள். அண்ணி வரவில்லை, அங்கி வெளுக்க வேண்டுமாம். நான் தட்டும் கையுமாக அலைந்துகொண்டே பார்த்தேன். குட்டி கரண்டியைக் கவ்வியிருக்கிறாள். குட்டி தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிறாள். குட்டி மருந்துப் பாட்டிலைப் பார்த்து நாக்கைத் துருத்துகிறாள். யாரோ மூலையில் விம்மினார்கள். அண்ணன் வாசலைப் பார்த்தபடி நின்றான்.

அந்த வாரமே ஊரில் காய்ச்சல் பரவியது. முதலில் முதியோர் இல்லத்தில், பிறகு தெருத் தெருவாக. விடாத மழை, குளிர். ஓர் அடக்கம் முடிந்து டீக்கோப்பைகளைக் கழுவி வைப்பதற்குள் அடுத்த அடக்கத்துக்கு மணி அடித்தது. டிராயிங் டீச்சரே படுத்துவிட்டாள். பாதிரியார் ஜெபம் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போய் இருந்தார்.

அடக்கம் முடிந்தால் உறையைக் கழற்ற வேண்டும் என்பதுதான் வழக்கம். ஆனால் தினமும் ஒன்று என்றால் எதற்குக் கழற்றுவது? அண்ணி கழற்றவில்லை. டீ சிந்திய உறை, சளியும் கண்ணீரும் துடைத்த உறை என்று அழுக்கானதை மட்டும் உருவிவிட்டு, அதே கையோடு வெளுத்த உறையை மாட்டுவாள். பக்கவாட்டில் நின்றுகொண்டு, முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, கையால் தடவித் தடவியே அதைச் செய்வாள். மேலேயிருந்து கீழே ஒரே இழுப்பு.

"சுவத்தையா பாக்குறீங்க அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேலையைப் பாரு" என்றாள்.

சில நாளில் அவளே என்னிடம் வந்தாள். "உறைக்கு உள்பக்கமெல்லாம் கரியா இருக்கு. கூடத்துல டீ போடுற அடுப்பு புகையுது போல. பாதிரியார்கிட்ட சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். அத்தனை சாவுக்கு நடுவில் அந்த மனிதர் புகைபோக்கி துடைக்கிறவனை வரவழைத்து, குழாயைச் சுத்தம் செய்யவைத்தார். அதற்குப் பிறகும் உறைகளில் கரி இருந்தது. அண்ணி துடைத்தவனைத் திட்டிக்கொண்டே ஊறவைத்தாள். மழையில் துணி சரியாகக் காயவில்லை. அரை ஈரமாகவே கொண்டுபோய் மாட்டினாள். வேறு வழி இல்லை, மறுநாள் சவப்பெட்டி காத்திருந்தது. ஆனால் உறைகள் மட்டும் பளீரென்று இருந்தன. அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

இதற்குள் அண்ணனும் காய்ச்சலில் விழுந்துவிட்டான். எழுந்து நிற்க முடியவில்லை. குட்டி படுத்திருந்த அதே கட்டில். அண்ணி வேலை முடிந்து வந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"பாத்தியா?"

"தினம் அடக்கமா இருக்கு. மூடியே கிடக்கு."

"மூடினது நீதானே."

அவள் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்துவிடுவாள்.

மாதம் முடியப்போகிற சமயம். நாடா வாங்குவதற்காக அண்ணி தையற்காரி வீட்டுக்குப் போனாள். தையற்காரி அந்தக் காய்ச்சலில் முதலில் போனவர்களில் ஒருவரின் மனைவி. அடக்கத்தன்று கூடத்தின் கோடியில் உட்கார்ந்திருந்தவள். அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்:

"அன்னிக்கு என் பக்கத்துல இருந்த படத்துல நாடா அவிழ்ந்திருந்துச்சு. சும்மா தூக்கிப் பாத்தேன். தப்பா நெனச்சுக்காத. உன் பொண்ணு கரண்டியைக் கவ்விக்கிட்டு என்னமா சிரிக்கிறா. அவளைப் பாத்தப்புறம்தான் எனக்கு ஒரு வாய் டீ உள்ள இறங்குச்சு."

அண்ணி அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவளாக என் வீட்டு வாசல்படி ஏறியதாக எனக்கு நினைவில்லை. மழையில் நனைந்திருந்தாள்.

"அவ சிரிக்கிறாளாமே" என்றாள்.

"ஆமாம்."

"எல்லாத்துலயும் படுத்துக் கிடப்பான்னு நெனச்சேன். மூக்குல குழாயோட." கொஞ்சம் நின்று, "கூட வர்றியா?" என்றாள்.

அன்று அடக்கம் இல்லை. கூடம் காலியாக, ஈர வாசனையோடு இருந்தது. வெள்ளை உறைகள் வரிசையாகத் தொங்கின. அண்ணி கயிற்றைத் தாண்டி முதல் படத்தருகே போய், முந்திய நாட்களைப்போலப் பக்கவாட்டில் நிற்காமல் நேராக நின்றாள். நாடாவை அவிழ்த்து மேலே தூக்கினாள்.

கரண்டி இருந்தது. அண்ணன் கரியை அழுத்திப் போட்ட கோடுகளெல்லாம் இருந்தன. கரண்டியின் காம்பு, சட்டைக் காலர், கட்டிலின் கம்பி. முகத்தை அவன் மிக மெல்லிய கையால் வரைந்திருந்தான், விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த முகம். அந்த இடத்தில் கரும்பலகையைத் துடைத்த மாதிரி ஒரு சாம்பல் மூட்டம்தான் இருந்தது.

அண்ணி அடுத்ததை அவிழ்த்தாள். தலையணை இருந்தது. அடுத்ததில் மருந்துப் பாட்டில் இருந்தது, லேபிள்கூடத் தெரிந்தது. கடைசிப் படம் வரைக்கும் போனாள்.

அவள் தன் கையிலிருந்த உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். அதிலிருந்த கரியைப் பார்த்தாள். அவளுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டுகிற மழையில் பின்பக்க அறைக்கு ஓடினாள். நான் போய்ச் சேர்வதற்குள் காலையில் ஊறப்போட்ட உறைகளைத் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறையே இல்லை. இன்னொன்றை விரித்தாள். அதுவும் சுத்தம். தொட்டித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டியின் அடைப்பைப் பிடுங்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று வழி நெடுக நான் கையைப் பிசைந்துகொண்டு வந்தேன். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போலக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் முழங்கையை ஊன்றி எழுந்தான். காய்ச்சலில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எப்படி இருந்தா? சொல்லு."

"நல்லா இருந்தா. கரண்டியைக் கவ்விக்கிட்டு. மூக்கைச் சுருக்கிச் சிரிச்சுக்கிட்டு."

அண்ணன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான்.

"மூக்கைச் சுருக்கியா? நான் அதைப் போடலையே."

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. பேசிப் பழகியிருந்தால்தானே பொய்யும் பழகும். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, உறை, கரி, தொட்டி எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் கத்தியிருந்தால், அவளை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானாவது திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வெளுப்புத் தூளில் தோலுரிந்து சிவந்துபோன அவள் கைகள் மடியில் கிடந்தன. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

மாதம் முடிந்து படங்கள் இறங்கின. காய்ச்சல் தீர்ந்து எழுந்து வந்த டீச்சர் சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறையாக அழுதாள். அடுத்த மாதத்துக்குப் பல் டாக்டரின் பூக்கள் மறுபடியும் ஏறின. அண்ணி எல்லா உறைகளையும் தையல் பிரித்துத் தனித்தனித் துணியாக்கினாள். மறுபடியும் பழையபடி போர்த்த ஆரம்பித்தோம். நழுவி விழுந்தன, விழட்டும் என்று விட்டுவிட்டோம்.

அண்ணன் பிழைத்தான். நடமாட ஆரம்பித்ததும் புதுப் பலகையில் காகிதத்தை ஒட்டி, முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். போனால் என்ன, வரைந்தவன் இருக்கிறான், மறுபடி வரைந்துவிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் ஒரு பெண்பிள்ளையின் முகம் இருந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை.

"வரலை" என்றான். "மனசுல இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இல்லை. அவ போனதுக்கப்புறம் நான் படத்தைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரிஞ்ச முகம் அந்தக் காகிதத்துல இருந்தது. அதுவும் போச்சு."

உனக்காவது அவள் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டான். நான் என்ன சொல்ல? கரண்டி ஞாபகம் இருக்கிறது, காலர் ஞாபகம் இருக்கிறது. முகம் என்றால் எனக்கு அண்ணனின் சின்ன வயசு முகம்தான் வருகிறது. மருமகளைத் தூக்கி வளர்த்த அத்தை பேசுகிற பேச்சா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது அண்ணி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து அவன் பின்னால் நின்றாள். "நெத்தி இவ்வளவு அகலம் இல்லை" என்றாள்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றியைத் துணியால் துடைத்துவிட்டு வேறாகப் போட்டான்.

"இப்பவா?"

"இன்னும் குறை. முடி இங்கேர்ந்தே ஆரம்பிக்கும். இடது பக்கம் ஒரு சுழி."

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் அது நடந்தது. அவள் சொல்லுவாள், அவன் வரைவான். சிரிக்கும்போது மூக்கைச் சுருக்குவாள், இடது கண் கொஞ்சம் சிறிசாகும், மேல் உதட்டில் பால் குடித்த கோடு மாதிரி ஒரு மயிர்வரிசை. இத்தனை வருஷம் ஒரு சொல் சொல்லாதவள் அத்தனையும் உள்ளே வைத்திருந்தாள். மகளைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதே அப்போதுதான். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. படம் வராவிட்டால் போகிறது, இந்த இரண்டு பேரும் பேசுகிறார்களே என்று நினைத்தேன்.

ஆனால் முகம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒருத்தி வந்தாள். சில நாள் மூக்கு சரியாக இருக்கும், கண் வேறு யாருடையதோ. சில நாள் எல்லாமே சரியாக இருந்தும் அவள் இல்லை. "இது இல்ல" என்பாள் அண்ணி. அவன் துடைப்பான். அவள் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பாள், மறுபடி "இது இல்ல" என்பாள். ஆரம்பத்தில் சட்டென்று சொல்லிவிடுவாள். போகப் போக அவளுக்கு நேரம் பிடித்தது. ஒருநாள் சுழி வலது பக்கம் என்றாள்.

"இடதுன்னு சொன்னே" என்றான் அண்ணன்.

"இடதா?" என்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் நான் போனபோது அண்ணன் வரைந்துகொண்டிருந்தான். அண்ணி அவன் பின்னால் நிற்கவில்லை, சுவரோரம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவன் பலகையைத் தூக்கிக் காட்டினான்.

"இது?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"போதும்" என்றாள். "இதுக்கு மேல வரையாதீங்க."

"கிட்ட வந்துட்டேன். இன்னும் ரெண்டு நாள்—"

"கண்ணை மூடினா இப்ப இதுங்கதான் வருது. நேத்து போட்ட மூக்கு, முந்தாநாள் போட்ட கண்ணு. எல்லாம் வரிசையா வந்து நிக்குது. அவ வர மாட்டேங்கிறா."

அண்ணன் பலகையைக் கீழே இறக்கினான்.

"இதுக்குத்தான் அன்னிக்கும் நான் பாக்கலை" என்றாள் அண்ணி. "உங்க மேல கோவம்னு நெனச்சுக்கிட்டிருந்தீங்க. உங்க தங்கச்சியும் அப்படித்தான் நெனச்சா. கோவம் ஒரு மாசத்துல போயிருச்சு. நீங்க நல்லா வரைஞ்சிருப்பீங்க. பாத்துட்டா அப்புறம் அதுதான் நிக்கும், என்கிட்ட இருந்தவ போயிடுவா. அதான் பயம்."

இத்தனை வருஷம் கல் நெஞ்சு என்று நான் ஊரெல்லாம் சொன்னது அத்தனையும் என் காதிலேயே விழுந்தது.

அண்ணன்தான் கடைசியில் கேட்டான். மிக மெதுவாகக் கேட்டான்.

"அந்த மூக்கைச் சுருக்குறது? அதாவது இருக்கா?"

அண்ணி கண்ணை இறுக்கி மூடினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"இருக்கு" என்றாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தரையில் சிதறிக்கிடந்த கரித்துண்டுகளைப் பொறுக்கி பிஸ்கட் டின்னில் போட்டு மூடியை அழுத்தினான்.